எறும்புச் சாரை எதைக் காட்டுகிறது? வீட்டு எறும்புகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழிமுறை

வீட்டுக்குள் வரும் எறும்புகளுக்கு நம்மிடம் கைவைத்தியம் நிறைய உண்டு. மஞ்சள் தூள், வினிகர், சாக்குக்கட்டி, கிராம்பு, சோப்பு நீர் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்வார்கள். இவற்றுள் பல ஓரளவு வேலை செய்பவைதான். ஆனாலும் ஒரு வாரம் கழிவதற்குள் எறும்புகள் திரும்பி வந்துவிடுகின்றன. பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. எந்த அறிகுறிக்கு எந்தப் பொருள், அதை எந்த வரிசையில் பயன்படுத்துவது என்பதில்தான் தவறு நேர்கிறது.

இயற்கை வழிகள் என்று சொல்லப்படுபவை அடிப்படையில் இரண்டே வகைப்படும். மணத்தாலோ தடையாலோ எறும்பை ஓர் இடத்திற்கு வரவிடாமல் செய்வது ஒன்று. எறும்பை வரவழைத்து, அதன் வாயிலாகவே புற்றுக்குள் மருந்தை அனுப்பிவைப்பது மற்றொன்று. முன்னது வழியை அடைக்கிறது. பின்னது வழி திறந்திருந்தால் மட்டுமே பலிக்கும். காலையில் இரையை, அதாவது மருந்து கலந்த உணவை, வைத்துவிட்டு மாலையில் அதே சாரையின் மீது வினிகரைத் தெளிப்பவர் இரண்டையுமே கெடுத்துக்கொள்கிறார். ஏறத்தாழ ஓராண்டுக் காலம் நானும் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன் என்பதால், கீழே வரும் ஒவ்வோர் அறிகுறியிலும் இந்த வேறுபாட்டை விடாமல் நினைவூட்டப் போகிறேன்.

துடைப்பதற்கு முன் கால் மணி நேரம் கவனித்தல்

எறும்பைக் கண்டதும் ஈரத்துணியை எடுக்கும் பழக்கத்தைச் சற்றே தள்ளிவைக்க வேண்டும். சாரை அழிந்துவிட்டால், அது எங்கிருந்து வந்தது என்ற தடயமும் அதோடு போய்விடும். கால் மணி நேரம் நின்று பார்த்தால் மூன்று செய்திகள் கிடைக்கும். எறும்புகள் எந்த இடுக்கில் நுழைந்து மறைகின்றன என்பது முதற்செய்தி. திரும்பிச் செல்பவற்றைப் பின்தொடர்ந்தால் அது தெரியும். அவை இனிப்பை நாடுகின்றனவா, எண்ணெயையும் இறைச்சித் துணுக்கையும் நாடுகின்றனவா, அல்லது வெறும் நீரைத்தானா என்பது இரண்டாவது. அவற்றின் நிறமும் அளவும் மூன்றாவது. கடிக்காமல் ஓடித் திரியும் சிறிய கறுப்புப் பிள்ளையார் எறும்பு, சுருக்கென்று கடிக்கும் சிவப்புச் சுள்ளெறும்பு, இரவில் தனித்தனியாக நடமாடும் பெரிய கட்டெறும்பு, கண்ணுக்கே சரியாகத் தெரியாத வெளிர்மஞ்சள் எறும்பு ஆகியவற்றுக்கு ஒரே மருந்து செல்லாது.

அறிகுறி: ஒன்றிரண்டு எறும்புகள் மட்டும் திசையின்றி அலைகின்றன

இவை உளவு பார்க்க வந்தவை. உணவைக் கண்டுபிடிக்காத வரையில் இவற்றைத் தொடர்ந்து வேறு எறும்புகள் வருவதில்லை. மேடையையும் தரையையும் சோப்பு நீரால் துடைத்து, உணவுப் பொருள்களை இறுக மூடி வைத்தாலே போதும். இதற்குப் போய் இரை வைப்பது, வராத விருந்தாளிக்கு அழைப்பு அனுப்புவதைப் போன்றது.

அறிகுறி: சமையல் மேடையிலோ சர்க்கரை டப்பாவிலோ நேரான சாரை

உணவைக் கண்ட எறும்பு புற்றுக்குத் திரும்பும்போது வயிற்றின் முனையைத் தரையில் தொட்டுத் தொட்டு, ஃபெரோமோன் எனப்படும் வேதிப்பொருளால் மணச்சுவடு ஒன்றைப் பதித்துக்கொண்டே செல்கிறது. அதைப் பற்றிக்கொண்டு வரும் அடுத்த எறும்பும் உணவு கிடைத்தால் தன் பங்குக்குச் சுவட்டை வலுப்படுத்துகிறது. உணவு தீர்ந்தபின் எவையும் புதிதாகப் பதிக்காததால் சுவடு தானே மங்கிவிடும். ஆகவே சாரை என்பது எறும்புகளின் கூட்டம் மட்டுமன்று. கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடும் அங்கே இருக்கிறது. எறும்புகளை மட்டும் தள்ளிவிட்டுக் கோட்டை விட்டுவைத்தால் அரைமணி நேரத்தில் அது மறுபடியும் நிரம்பிவிடும்.

எனவே முதலில் அவற்றை வரவழைத்த பொருளை அகற்றிவிட்டு, பாத்திரம் கழுவும் திரவம் கலந்த நீரால் சாரை முழுவதையும் துடைக்க வேண்டும். டப்பாவைச் சுற்றி ஒரு சாண் இடத்தைத் துடைத்துவிட்டு நிறுத்திவிடுவதுதான் வழக்கமான பிழை. எறும்பு நுழையும் இடுக்கு வரையில், சுவரின் மீதும் மேடையின் அடிப்பக்கத்திலும்கூட, சுவடு ஓடிய வழியெல்லாம் துணி செல்ல வேண்டும். வினிகரைப் பயன்படுத்த விரும்பினால் சம அளவு நீருடன் கலந்துகொள்ளலாம். சுவட்டைக் கழுவுவதோடு அதன் நெடி சில மணி நேரம் எறும்புகளைக் குழப்பவும் செய்யும். ஆனால் பளிங்கு போன்ற சுண்ணாம்புச் சத்துள்ள கல்மேடைகளில் வினிகரின் அமிலம் மெருகை அரித்துவிடும் என்பதால் அங்கே சோப்பு நீரோடு நின்றுவிடுவது நல்லது. சோப்பு நீருக்கு இன்னொரு பயனும் உண்டு. அது நேரடியாகப் பட்ட எறும்பின் மெழுகுப் பூச்சைக் கலைத்து, மூச்சுத் துளைகளை நனைத்து, அங்கேயே கொன்றுவிடுகிறது.

துடைத்து உலர்ந்ததும் இடுக்கை அடைக்க வேண்டும். 2 மில்லிமீட்டர் நீளமுள்ள எறும்பின் உடல் 1 மில்லிமீட்டரைவிடவும் ஒடுக்கமானது என்பதால், கண்ணுக்கு விரிசல் என்றே தோன்றாத கீறலும் அதற்கு வாசல்தான். சுவர்க் கீறலுக்கு வெள்ளை சிமென்ட்டும், மேடையும் சுவரும் சேருமிடத்திற்குச் சிலிக்கான் பசையும் நிலைத்து நிற்கும். அதுவரையிலான தற்காலிக அடைப்பாகப் பெட்ரோலியம் ஜெல்லியைத் தடவி வைக்கலாம். எறும்பால் அதைக் கடக்க முடியாது.

விரட்டும் மணங்களுக்கு இந்தக் கட்டத்தில்தான் இடமுண்டு. புதினா வகையைச் சேர்ந்த பெப்பர்மின்ட் எண்ணெய், கிராம்பு எண்ணெய், இலவங்கப்பட்டை எண்ணெய் ஆகியவை எறும்புகள் உண்மையாகவே ஒதுங்கிச் செல்லும் பொருள்கள். ஒரு குவளை நீரில் பத்துச் சொட்டு எண்ணெயும், அது நீரில் கலப்பதற்காகச் சில சொட்டுச் சோப்புத் திரவமும் சேர்த்து அடைத்த இடுக்கைச் சுற்றித் தெளிக்கலாம். மணம் ஓரிரு நாளில் ஆவியாகிவிடும். திரும்பத் தெளிக்க வேண்டும். பட்டைத் தூளிலும் முழுக் கிராம்பிலும் அதே மணம் இருந்தாலும் செறிவு மிகக் குறைவு என்பதால் அவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்கக் கூடாது. பூனை வளர்ப்பவர்கள் இந்த எண்ணெய்களைத் தவிர்ப்பதே நல்லது. இவற்றிலுள்ள சில சேர்மங்களைச் செரித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு.

ஒரு எறும்பைக்கூடக் கொல்லாமல் சாரையைத் திருப்பியவர் ஒருவர் உண்டு. 1965இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரிச்சர்டு ஃபைன்மன், அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த காலத்தில், தன் உணவு அலமாரியை எறும்புகள் கண்டுபிடித்துவிட்டதைப் பார்த்தார். அவை அறைக்குள் நுழையும் இடத்திற்கு அருகிலேயே சிறிது சர்க்கரையை வைத்தார். அலமாரிக்குப் போகிற, அங்கிருந்து வருகிற எறும்புகளைத் துண்டுக் காகிதத்தில் ஏற்றிக்கொண்டு போய் அந்தச் சர்க்கரையருகே இறக்கிவிட்டார். சிறிது நேரத்தில் சர்க்கரைக்குச் செல்லும் சுவடு வலுப்பெற்றது. அலமாரிக்குச் செல்லும் சுவடு கவனிப்பாரின்றி மறைந்தது. இவ்வளவு பொறுமை எல்லாருக்கும் வாய்க்காது. ஆனால் நுழைவாயிலுக்கு வெளியிலேயே ஒரு துளி இனிப்பை வைத்து, உள்ளிருக்கும் சுவட்டைத் துடைத்துவிடுவது அதே தத்துவத்தின் எளிய வடிவம். அவசரத்திற்கு அது நன்றாகவே கைகொடுக்கிறது.

அறிகுறி: துடைத்தும் அடைத்தும் வேறோர் இடத்தில் சாரை முளைக்கிறது

இங்கே விரட்டுவது போதாது. புற்றையே எட்ட வேண்டும். நாம் காணும் எறும்புகள் இரை தேட அனுப்பப்பட்ட வேலைக்கார எறும்புகள் மட்டுமே. அவற்றை எவ்வளவு கொன்றாலும் உள்ளே முட்டையிடும் ராணி எறும்பு அவற்றின் இடத்தை நிரப்பிக்கொண்டே இருக்கும். சில இனங்களின் ராணியின் ஆயுள் வியப்பூட்டுவது. ஐரோப்பாவில் பரவலாகக் காணப்படும் கறுப்புத் தோட்ட எறும்பின் ராணி ஒன்று, வளர்ப்புச் சூழலில் ஏறத்தாழ 29 ஆண்டுகள் வாழ்ந்ததாகப் பதிவு உள்ளது. துடைப்பத்தை நம்பி அத்தகைய ராணியோடு போட்டியிட முடியாது.

வளர்ந்த எறும்பால் திட உணவை விழுங்க முடியாது என்பதே இரை முறையின் அடிப்படை. அதன் வாயிலுள்ள வடிகட்டி போன்ற அமைப்பு நுண்துகள்களைத் தடுத்து, திரவத்தை மட்டுமே உள்ளே விடுகிறது. அத்திரவம் பொது இரைப்பை என்று சொல்லத்தக்க பையில் தங்கி, புற்றில் மற்ற எறும்புகளுக்கு வாய்க்கு வாய் ஊட்டப்படுகிறது. இப்படிக் கைமாறிச் செல்லும் உணவு, முட்டையிலிருந்து வெளிவந்த இளம்பருவப் புழுக்களுக்கும் ராணிக்கும் போய்ச் சேர்கிறது. ஆகவே நஞ்சு மெதுவாக வேலை செய்வதாக இருக்க வேண்டும். எடுத்துச் சென்ற எறும்பு வழியிலேயே இறந்துவிட்டால் எதுவும் புற்றை எட்டாது.

ரவையை எறும்பு தின்று, அது வயிற்றில் உப்பி, எறும்பு வெடித்து இறந்துவிடும் என்ற நம்பிக்கை ஏன் பொய்யானது என்பதும் இதிலிருந்தே விளங்கும். விழுங்காத பொருள் உப்புவதற்கு இடமில்லை. புற்றிலுள்ள புழுக்கள் அந்த ரவையை நல்ல உணவாகவே ஏற்றுக்கொள்ளும். பொடித்த சர்க்கரையுடன் சமையல் சோடாவைக் கலந்து வைப்பதும் இதே காரணத்தால் நம்பத் தகுந்ததன்று.

இந்த வேலைக்கு ஏற்ற இயற்கைத் தாதுப்பொருள் வெண்காரம். அதிலிருந்து பெறப்படும் போரிக் அமிலமும் அப்படியே. 200 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீரில் 20 கிராம் சர்க்கரையையும் 2 கிராம் போரிக் அமிலத்தையும் முற்றிலும் கரைத்தால் ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல் கிடைக்கும். வெண்காரமாக இருந்தால் 3 கிராம் தேவைப்படும். அளவைக் கூட்டினால் வேகமாகப் பலிக்கும் என்று எண்ணிச் செறிவை ஏற்றுவதுதான் இதில் பெரும்பாலோர் செய்யும் பிழை. செறிவு கூடினால் எறும்பு வாய் வைக்காது. வைத்தாலும் புற்றை அடைவதற்குள் இறந்துவிடும். கைப்பிடி அளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள் என்று இதற்காகவே வற்புறுத்துகிறேன்.

கரைசலில் பஞ்சை நனைத்து, மூடியில் சிறு துளைகளிட்ட டப்பாவுக்குள் வைத்து, சாரைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். சாரையின் மேல் வைக்கக் கூடாது. அந்த நாள்களில் அவ்விடத்தில் வினிகர், எண்ணெய், சோப்பு நீர் எதையும் பயன்படுத்தக் கூடாது. வேறு உணவு கிடைக்காமல் மேடையைக் காலியாக வைத்திருப்பதும் கட்டாயம். முதலிரண்டு நாள்களில் எறும்புகள் முன்னைவிட அதிகமாகக் குவியும். பலர் அஞ்சிப் பின்வாங்குவது இந்த இடத்தில்தான். உண்மையில் இரை பிடித்துவிட்டது என்பதற்கு அதுவே சான்று. பஞ்சு உலர்ந்தோ கரைசல் புளித்தோ போகாமல் இரண்டு மூன்று நாள்களுக்கு ஒருமுறை புதிதாக்கிக்கொண்டு, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும்.

எறும்புகள் இனிப்பைச் சீண்டாமல் கடந்துபோனால் அவற்றின் தேவை வேறு என்று பொருள். புற்றில் வளரும் புழுக்கள் மிகுந்திருக்கும் காலத்தில் புரதமும் கொழுப்பும் கூடுதலாக வேண்டியிருக்கும். ஓர் அட்டையில் ஒரு பக்கம் சர்க்கரைப் பாகும் மறுபக்கம் வேர்க்கடலை விழுதும் வைத்து ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் விடை தெரிந்துவிடும். விழுதையே நாடினால் அதே 1 சதவீத விகிதத்தில் போரிக் அமிலத்தை அதில் குழைத்து வைக்கலாம்.

இயற்கையில் கிடைப்பது என்பதால் இது தீங்கற்றது என்று கொள்ளக் கூடாது. வெண்காரமும் போரிக் அமிலமும் வாய்வழி உள்ளே போனால் மனிதருக்கும் வளர்ப்பு விலங்குக்கும் நஞ்சு. தவழும் குழந்தை உள்ள வீட்டில், கைக்கு எட்டாத அலமாரியின் பின்புறம் போன்ற இடம் கிடைத்தால் மட்டுமே இந்த வழியைக் கையாள வேண்டும். மீந்த கரைசலைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வைப்பது கூடவே கூடாது. யாரேனும் விழுங்கிவிட்டால் காத்திராமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

அறிகுறி: மருந்து தெளித்தபின் ஒரு சாரை மூன்றாகிவிட்டது

வெளிர்மஞ்சள் நிறமும் ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் நீளமும் உடைய ஃபாரோ எறும்பு இதற்குப் பெயர்போனது. தலை கறுத்தும் உடலின் பின்பகுதி ஒளி ஊடுருவுவதுபோல் வெளுத்தும் இருக்கும் பேய் எறும்பும் அதே குணமுடையது. ஒரே கூட்டில் பல ராணிகள் இருப்பதால், நெடியோ இடையூறோ நேர்ந்தவுடன் சில ராணிகள் ஒரு பகுதி எறும்புகளோடும் முட்டை புழுக்களோடும் பிரிந்துபோய் அடுத்த சுவரில் புதுக் கூடு அமைத்துக்கொள்கின்றன. நாம் தெளிக்கத் தெளிக்க அவை பெருகுவதுபோல் தோன்றுவது இதனால்தான்.

இந்த எறும்புகளுக்கு விரட்டும் வழி எதுவுமே கூடாது, இயற்கையானதாக இருந்தாலும். எல்லாத் தெளிப்பையும் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு சாரைக்கும் தனித்தனி இரை டப்பா வைக்க வேண்டும். இடுக்குகளை அடைப்பதையும் எறும்பு முற்றிலும் ஓய்ந்தபின் செய்யலாம். முன்கூட்டி அடைத்தால் அவை சுவருக்குள் வேறு வழி தேடும். நாள்கணக்கில் அல்லாமல் மாதக்கணக்கில் பொறுமை தேவைப்படும் ஒரே வகை இதுதான்.

அறிகுறி: குளியலறையிலும் கழுவுதொட்டியருகிலும் எறும்பு, உணவு எதுவும் இல்லை

இவை நீருக்காக வருகின்றன. வறண்ட காலத்தில் சொட்டும் குழாயும் ஈரமான மிதியடியும் அவற்றுக்குச் சுனையாகிவிடும். கசிவைச் சரிசெய்து, இரவில் தொட்டியை உலரத் துடைத்துவைத்தால் சில நாள்களில் குறைந்துவிடும். குறையவில்லையென்றால், சுவருக்குள் குழாய் கசிந்து அந்த ஈரத்திலேயே கூடு அமைந்திருக்கக்கூடும். சுவரில் பூத்த உப்பும் உப்பிய வண்ணப்பூச்சும் அதற்கு அடையாளங்கள். குழாய் சுவருக்குள் நுழையும் இடத்தில் உள்ள வளையத்தின் இடைவெளியைப் பலர் கவனிப்பதில்லை. பல வீடுகளில் எறும்பின் தலைவாசல் அதுதான்.

மழைக்காலத்தில் வருபவை வேறு. மண்ணிலுள்ள புற்றில் நீர் புகும்போது முட்டைகளையும் புழுக்களையும் தூக்கிக்கொண்டு மேடான இடம் தேடி வருகின்றன. வாயில் வெள்ளைப் பொட்டுகளோடு எறும்புகள் விரைவதைக் கண்டால் அவை இரை தேடவில்லை, குடிபெயர்கின்றன என்று அறியலாம். அப்போது இரை வைத்துப் பயனில்லை. சோப்பு நீரால் அகற்றி, வந்த வழியை உடனே அடைப்பதே சரி.

அறிகுறி: தரை ஓடுகளின் இடுக்கில் மணல் குவிகிறது

ஓட்டுக்கு அடியில் எறும்புகள் கூடு குடைகின்றன என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. முதலில் இரை வைத்துக் கூட்டை ஓயவைத்துவிட்டு, பிறகு மணலைச் சுரண்டியெடுத்து ஓட்டிடுக்கைச் சிமென்ட்டால் நிரப்ப வேண்டும். வரிசையை மாற்றினால் மணல் அடுத்த இடுக்கிலிருந்து வரும்.

இரையோடு சேர்த்து டயட்டோமேசியஸ் மண்ணையும் பயன்படுத்தலாம், ஆனால் இரை வைத்த வழியில் அல்ல. டயட்டம் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகள் படிந்து உருவான வெண்பொடி இது. எறும்பின் உடலிலுள்ள மெழுகுப் படலத்தை உறிஞ்சியும் கீறியும், ஈரத்தைக் காத்துக்கொள்ளும் திறனை அழித்து, உலரவைத்துக் கொல்கிறது. நனைந்துவிட்டால் உலரும் வரையில் பயனற்றது என்பதால் குளியலறைக்கு ஏற்றதன்று. கண்ணுக்குப் புலப்படாத அளவு மெல்லிய பூச்சாக இடுக்கில் தூவ வேண்டும். குவித்துவைத்தால் எறும்பு சுற்றிக்கொண்டு போய்விடும். உணவுத் தரம் என்று குறிக்கப்பட்டதையே வாங்க வேண்டும். நீச்சல் குள வடிகட்டிக்கென விற்கப்படுவது சுட்டுப் பதப்படுத்தப்பட்டது. அதில் நுரையீரலுக்குத் தீங்கான படிகச் சிலிக்கா மிகுதி. எந்தத் தரமாயினும் தூவும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும்.

வீட்டுக்கு வெளியே திறந்த மண்ணில் புற்று இருந்தால் கொதிநீர் ஊற்றுவது பழைய வழி. ஏறத்தாழ 10 லிட்டர் நீரை மெதுவாக ஊற்றினால் பாதிக்கு மேற்பட்ட முயற்சிகளில் பலிக்கலாம். மற்றவற்றில் ராணி ஆழத்தில் தப்பிவிடும். சுற்றியுள்ள செடியின் வேர் வெந்துபோகும், காலில் பட்டால் கொப்புளிக்கும் என்பதை மறக்கலாகாது.

அறிகுறி: கதவு நிலையருகே மரத்தூளும் இரவில் பெரிய கட்டெறும்பும்

தச்செறும்பு எனப்படும் இவ்வகை மரத்தைத் தின்பதில்லை. ஈரத்தால் இளகிய மரத்தைக் குடைந்து கூடு அமைக்கிறது. வெளியே தள்ளப்படும் தூளில் இறந்த பூச்சிகளின் துணுக்குகளும் கலந்திருக்கும். இங்கே எறும்பு நோயன்று, நோயின் குறி. நிலையை நனைக்கும் கசிவை நிறுத்தி, இற்றுப்போன பகுதியை மாற்றாத வரையில் எந்த இரையும் நிலையான பயன் தராது.

மரத்தின்மீது மண்ணால் கட்டிய குழாய் போன்ற பாதை இருந்தால் அது எறும்பே அன்று, கரையான். இந்த வழிமுறை அதற்குப் பொருந்தாது. கட்டடத்தைச் சோதிக்கத் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

அறிகுறி: இறகு முளைத்தவை கூட்டமாக வெளிவருகின்றன

விளக்கைச் சுற்றி வந்து விழுவனவற்றை ஒன்றெடுத்துப் பாருங்கள். இடை நூலாக ஒடுங்கி, உணர்கொம்பு முழங்கைபோல் மடங்கி, முன்னிறகு பின்னிறகைவிட நீண்டிருந்தால் அது இறகெறும்பு. இடை தடித்து, உணர்கொம்பு மணி கோத்ததுபோல் நேராக இருந்து, நான்கு இறகும் ஒரே நீளத்தில் இருந்தால் அது ஈசல், அதாவது இறகுள்ள கரையான். வெளியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்த ஈசலால் கவலையில்லை. வீட்டுச் சுவருக்குள்ளிருந்தே ஈசல் புறப்பட்டால் கரையான் உள்ளே குடியிருக்கிறது. இறகெறும்பு சுவருக்குள்ளிருந்து வந்தால் அங்கே முதிர்ந்த எறும்புக் கூடு உண்டு என்று பொருள். பறப்பவற்றைப் பெருக்கித் தள்ளிவிட்டு, அதே துவாரத்தருகே இரையை வைக்கலாம்.

அறிகுறி: தொட்டிச் செடிகளில் எறும்பு ஏறி இறங்குகிறது

இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்தால் காரணம் தெரியும். அசுவினி, மாவுப்பூச்சி, செதில் பூச்சி ஆகியவை சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவைச் சுரக்கின்றன. எறும்புகள் அதைப் பருகுவதோடு, பிற பூச்சிகள் அவற்றைத் தின்றுவிடாமல் காவலும் காக்கின்றன. மாடு மேய்ப்பதோடு இதை ஒப்பிடுவது மிகையன்று. எனவே எறும்பை விரட்டாமல் மந்தையை அகற்ற வேண்டும். வேகமான நீர்த்தாரையால் இலைகளைக் கழுவி, 1 லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சில சொட்டுச் சோப்புத் திரவமும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் வாரம் ஒருமுறை தெளிக்கலாம். புதிய செடிகளில் முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்ப்பது நல்லது.

அறிகுறி: படுக்கையில் கடி

மெத்தையில் உணவுத் துணுக்கு இல்லையென்றால், கட்டில் சுவரைத் தொடுகிறதா, விரிப்போ கொசுவலையோ தரையில் புரள்கிறதா என்று பார்க்க வேண்டும். கட்டிலைச் சுவரிலிருந்து சற்றே விலக்கி, கால்களைச் சோப்பு நீர் நிரப்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் அன்றிரவே நிம்மதி கிடைக்கும். வெறும் நீரின் மேற்பரப்பில் தூசி படிந்தால் இலேசான எறும்பு அதில் நடந்தே கடந்துவிடும். சோப்பு மேற்பரப்பு இழுவிசையைக் குறைத்து அதை மூழ்கச் செய்கிறது. வளர்ப்பு விலங்கின் உணவுக் கிண்ணத்தையும் இப்படி நீர்த்தட்டின் நடுவே வைக்கலாம். ஆனால் அந்த நீரை விலங்கு குடித்துவிடும் என்பதால் அங்கே சோப்பு வேண்டாம். நாளும் நீரை மாற்றினால் போதும்.

கடித்த இடத்தைச் சோப்பு நீரால் கழுவிக் குளிர்ந்த ஒத்தடம் கொடுக்கலாம். நெருப்பெறும்பு வகை கொட்டிய இடத்தில் ஒரு நாளுக்குள் வெண்கொப்புளம் எழும். உடைக்காமல் விட்டால் தானே ஆறிவிடும். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ அது ஒவ்வாமை. கைவைத்தியம் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறிகுறி: மின்பொத்தான் பெட்டிக்குள் எறும்பு

நீர், வினிகர், எண்ணெய் எதையும் இதற்குள் விடக் கூடாது. மின்சாரம் தாக்கி இறக்கும் எறும்பு வெளியிடும் அபாய மணம் மற்ற எறும்புகளையும் அங்கே இழுப்பதால், சில இனங்கள் பெட்டிக்குள் குவிந்து மின்சுற்றையே கெடுத்துவிடுகின்றன. மின்பணியாளரைக் கொண்டு மின்சாரத்தைத் துண்டித்துத் திறந்து, உலர்ந்த தூரிகையால் சுத்தம் செய்து, கம்பிக்குழாயின் வாயை அடைக்கச் சொல்ல வேண்டும். இரையை வெளியே, சுவரின் அடியில் வைக்கலாம்.

எல்லாம் செய்தும் குறையவில்லையெனில்

மூன்று வாரத்திற்குப் பின்னும் இரை பலிக்காதபோது நான் பார்ப்பவை இவை: பஞ்சு காய்ந்துபோயிற்றா, குப்பைக்கூடை இரவில் திறந்து கிடக்கிறதா, வீட்டில் வேறொருவர் அதே வழியில் எதையாவது தெளித்துக்கொண்டிருக்கிறாரா. மூன்றாவது காரணமே பெரும்பாலும் உண்மையாக இருக்கிறது. எறும்பு மருந்து என்று விற்கப்படும் சாக்குக்கட்டிகளும் இந்தக் குழப்பத்தை உண்டாக்குகின்றன. எழுதும் சாக்குக்கட்டி சுவட்டைச் சற்றுநேரம் மறைப்பதோடு சரி. கொல்லும் சாக்குக்கட்டிகளிலோ டெல்டாமெத்ரின் போன்ற செயற்கைப் பூச்சிக்கொல்லிகள் கலந்திருக்கும். பார்வைக்குப் பள்ளிச் சாக்குக்கட்டி போலவே இருப்பதால் குழந்தைகளுக்கு ஆபத்தானவை.

இவையெல்லாம் சரியாக இருந்தும் சாரை ஓயவில்லையென்றால், கூடு நம் வீட்டிலேயே இல்லாதிருக்கலாம். அடுக்குமாடிக் கட்டடத்தில் குழாயும் கம்பியும் செல்லும் வழியே ஒரே எறும்புக் கூட்டம் பல வீடுகளுக்குச் செல்லும். சுவரின் இந்தப் பக்கம் இரையும் அந்தப் பக்கம் தெளிப்புமாக இருந்தால் எறும்புகள் இடம் மாறிக்கொண்டே இருக்குமே தவிர ஒழியா. பக்கத்து வீட்டாரிடம் பேசி, இரு வீட்டிலும் தெளிப்பை நிறுத்தி, ஒரே வாரத்தில், பொதுச்சுவரின் இரு பக்கங்களிலும் இரை டப்பாக்களை வைக்க வேண்டும்.